முளையா, பிடியா? ஸ்டீல் இணைப்பில் போல்ட் செய்யும் வேலை

போன மாதம் ஒரு நாள் இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு இளம் பொறியாளர் போன் செய்தார். முன்பு என்னோடு வேலை பார்த்தவர், இப்போது வேறு ஒரு சைட்டில் எரெக்‌ஷன் பார்க்கிறார். "சார், பீம் ஸ்பிளைஸ்ல எம்24, 10.9 போல்ட் எல்லாம் போட்டு டார்க் ரென்ச்ல டைட் பண்ணியாச்சு. இன்னைக்குத்தான் கவனிச்சேன், கவர் பிளேட்டுக்கு உள்பக்கமும் ப்ரைமர் அடிச்சு அனுப்பியிருக்காங்க. டிராயிங்ல அந்த முகத்துக்கு பெயின்ட் கூடாதுன்னு இருக்கு. கழற்றணுமா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அவரே, "போல்ட் ஸ்ட்ராங்காத்தான சார் இருக்கு, பெயின்ட்டுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார். (ஸ்பிளைஸ் என்றால் இரண்டு பீம் துண்டுகளை முனையோடு முனை சேர்க்கும் இடம், அதன்மேல் வைத்து போல்ட் செய்யும் தகடு கவர் பிளேட். எம்24 என்றால் 24 மி.மீ. விட்டம், 10.9 என்பது போல்ட்டின் கிரேடு, அதைப் பிறகு சொல்கிறேன்.)

இந்தக் கேள்வியைப் பல வருஷமாகப் பல வடிவங்களில் கேட்டுவிட்டேன். போல்ட் வகைகள் என்று தேடினால் எம்16, எம்20, 4.6, 8.8, 10.9, ஏ325, ஏ490 என்று அட்டவணை அட்டவணையாகக் கிடைக்கும். எல்லாம் சரியான தகவல்தான். ஆனால் அதை மனப்பாடம் செய்த ஆளும் மேலே சொன்ன கேள்வியில் மாட்டிக்கொள்வார், ஏனென்றால் போல்ட்டை முதலில் பிரிக்க வேண்டியது கிரேடை வைத்து அல்ல, அது அந்த இணைப்பில் என்ன வேலை செய்கிறது என்பதை வைத்து. முளையாக நிற்கிறதா, பிடியாகப் பிடிக்கிறதா? எனக்குத் தெரிந்து சைட்டில் நடக்கும் போல்ட் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் வருகின்றன.

முளை என்றால், இரண்டு பிளேட்டின் துளைகளும் ஒன்றின்மேல் ஒன்று நிற்க, நடுவில் ஒரு இரும்புத் தண்டு குறுக்கே நிற்கிறது, அவ்வளவுதான். சுமை வந்ததும் பிளேட் லேசாக நகர்ந்து துளையின் ஓரம் தண்டின்மேல் வந்து இடிக்கும், அதற்குப் பிறகு தண்டுதான் சுமையைத் தாங்கும். எம்20 போல்ட்டுக்கு 22 மி.மீ. துளை, எம்24க்கு 26 மி.மீ. துளை என்று வழக்கமாக 2 மி.மீ. விட்டுத்தான் துளைக்கிறோம், இல்லாவிட்டால் மேலே கிரேனில் தொங்கும் பீமை வைத்துக்கொண்டு போல்ட் நுழைக்கவே முடியாது. அந்த 2 மி.மீ. நகர்வு கட்டிடத்துக்குப் பரவாயில்லை என்றால் முளை போதும். பெரும்பாலான கட்டிடங்களில் பீமைத் தூணோடு சேர்க்கும் கிளீட் (எல் வடிவத் துண்டு), ஃபின் பிளேட் (தூணில் வெல்டு செய்த தகடு) இணைப்புகள் இப்படித்தான் நிற்கின்றன, நன்றாகவே நிற்கின்றன. இங்கே போல்ட்டை எவ்வளவு முறுக்கினோம் என்பது பெரிய விஷயம் இல்லை. பிளேட்டுகள் ஒன்றோடொன்று நன்றாக ஒட்டி நிற்கும் அளவுக்கு, ஒரு ஆள் சாதாரண ஸ்பேனரில் முழு பலத்தோடு இழுத்தால் போதும். இதைத்தான் ஸ்னக் டைட் என்கிறார்கள்.

முளை உடைந்தால் எப்படி உடையும் என்று யோசித்துப் பார்த்தால் கணக்கில் வரும் எல்லாமே புரிந்துவிடும். தண்டே குறுக்காக வெட்டுப்படலாம். தண்டு தாங்கி, பிளேட் மெல்லியதாக இருந்தால் துளை நீளவாக்கில் இழுபட்டுப் போகலாம். துளை ஓரத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தால் ஓரத்தையே கிழித்துக்கொண்டு வெளியே வரலாம். சில சமயம் ஒரு வரிசைத் துளைகளைச் சேர்த்து ஒரு துண்டாகவே பிளேட் பிய்ந்து வரும், இதை பிளாக் ஷியர் என்பார்கள். ஆக, நான்கில் ஒன்றுதான் போல்ட்டின் பிரச்சினை, மற்ற மூன்றும் பிளேட்டின் பிரச்சினை. "எதுக்கும் இருக்கட்டும்" என்று 8.8க்குப் பதில் 10.9 போட்டுவிட்டால் இணைப்பு பலமாகிவிடும் என்று நினைக்கும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். பிளேட் கிழியப் போகும் இணைப்பில் எந்த கிரேடு போட்டாலும் பிளேட் கிழியும்.

கிரேடு என்ற அந்த எண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அது போல்ட் தலையிலேயே புடைப்பாக இருக்கும். 8.8 என்பதில் முதல் எட்டை நூறால் பெருக்கினால் 800 மெகாபாஸ்கல், அதுதான் அறுந்துபோகும் அளவு. புள்ளிக்குப் பிறகு வரும் எட்டு, அதில் பத்தில் எட்டுப் பங்கு வந்ததுமே போல்ட் மீளாமல் நீளத் தொடங்கிவிடும் என்று சொல்கிறது, அதாவது 640. அதேபோல 4.6 என்றால் 400, 240. 10.9 என்றால் 1000, 900. கவனித்துப் பாருங்கள், 4.6இல் நீளத் தொடங்குவதற்கும் அறுவதற்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது, 10.9இல் அந்த இடம் சுருங்கிவிடுகிறது. பலம் கூடக்கூட, அறுவதற்கு முன் எச்சரிக்கை கொடுக்கும் குணம் குறையும்.

எம்20 போல்ட்டின் மரைப் பகுதியில் கணக்குக்கு எடுக்கும் பரப்பு 245 சதுர மி.மீ. ஐரோப்பிய விதிப்படி 8.8 போல்ட் ஒரு வெட்டுத்தளத்தில் சுமார் 94 கிலோநியூட்டன் தாங்கும், அதாவது ஒன்பதரை டன். அதே அளவு 4.6 போல்ட் அதில் சரிபாதி, 47. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும், தலையில் இருக்கும் எண்ணைத் தவிர. அதனால்தான் தலையில் எண்ணோ கம்பெனிக் குறியோ இல்லாத போல்ட் ஒரு பை வந்தால், சப்ளையர் என்ன சொன்னாலும் சரி, நான் அதை வாங்கி வைக்கவே விடுவதில்லை.

வெட்டுத்தளம் எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். இரண்டு பிளேட் சந்திக்கும் இடத்தில் தண்டின் வழுவழுப்பான பகுதி நின்றால் முழு விட்டமும் வேலை செய்யும், எம்20க்கு 314 சதுர மி.மீ. மரை நின்றால் 245தான். கணக்கில் வழுவழுப்பான பகுதி என்று எடுத்துக்கொண்டு, சைட்டில் கையில் கிடைத்த முழு மரை போல்ட்டைப் போட்டால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பலம் போய்விட்டது என்று அர்த்தம். நீளம் மாறிய போல்ட் ஒன்றைப் போடும்போது யாரும் இதை யோசிப்பதே இல்லை. நான் வரைந்து கொடுக்கும் இணைப்புகளில் எப்போதும் மரை வெட்டுத்தளத்தில் விழும் என்றே எடுத்துக்கொள்வேன், நிம்மதி.

சரி, பிடிக்கு வருகிறேன்.

இங்கே போல்ட்டின் வேலையே வேறு. போல்ட்டை இறுக்கும்போது அது ஒரு விறைப்பான ஸ்பிரிங்கைப் போல நீள்கிறது, திரும்பச் சுருங்கப் பார்க்கிறது, அந்தச் சுருக்கம் இரண்டு பிளேட்டையும் நெருக்குகிறது. நெருக்கினால் உராய்வு வரும். சுமை முழுவதும் அந்த உராய்வு வழியாகவே ஒரு பிளேட்டிலிருந்து அடுத்த பிளேட்டுக்குப் போகும். தண்டு துளையின் ஓரத்தைத் தொடவே தொடாது, தொடவும் கூடாது. இதில் போல்ட் இழுவிசையில் மட்டும் நிற்கிறது, சுமையைக் கடத்துவது பிளேட்டின் முகம். இளம் பொறியாளரின் கேள்விக்குப் பாதிப் பதில் இங்கேயே வந்துவிட்டது.

இந்த யோசனை ரிவெட்டிலிருந்து வந்தது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். பழைய பாலங்களையும் கோபுரங்களையும் ரிவெட்டில்தான் கட்டினார்கள், ஈஃபில் கோபுரத்தில் மட்டும் 25 லட்சம் ரிவெட் இருக்கிறது. சிவக்கச் சிவக்கக் காய்ச்சிய ரிவெட்டைத் துளையில் நுழைத்து மறுமுனையை அடித்துத் தலையாக்குவார்கள். அடிக்கும்போது அது துளையை நிரப்பிவிடும், ஆறும்போது நீளவாக்கில் சுருங்கி பிளேட்டுகளை நெருக்கும். ஆனால் எவ்வளவு நெருக்கும் என்பது காய்ச்சியவர் கையிலும் அடித்தவர் கையிலும் இருந்தது, ரிவெட்டுக்கு ரிவெட் மாறும். 1934இல் பிரிட்டனில் பாத்தோ, பேட்மேன் என்ற இருவர், போதுமான பலமுள்ள போல்ட்டை நன்றாக இறுக்கினால் பிளேட் நழுவாமல் பிடிக்க முடியும் என்று சோதனை செய்து காட்டினார்கள். அமெரிக்காவில் 1947இல் இதற்கென்றே ஒரு ஆய்வுக் குழு அமைந்து, 1951இல் முதல் விதிமுறை வந்தது. அதற்குப் பிறகு கொஞ்ச காலத்திலேயே ரிவெட் கும்பல்கள் சைட்டை விட்டுப் போய்விட்டன. நான்கு பேர் சேர்ந்து செய்த வேலையை இரண்டு பேர் செய்தால் வேறென்ன நடக்கும்.

பிடி எங்கே வேண்டும்? அந்த 2 மி.மீ. நகர்வைக்கூடப் பொறுக்க முடியாத இடங்களில். சுமை ஒரு முறை இந்தப் பக்கம், ஒரு முறை அந்தப் பக்கம் என்று திசை மாறும் பிரேசிங் (சட்டகம் ஆடாமல் தாங்கும் சாய்வுக் கம்பிகள்), பாலங்கள், கிரேன் ஓடும் கர்டர், அதிரும் மெஷினைத் தாங்கும் சட்டகம், துளையைப் பெரிதாகவோ நீள்வட்டமாகவோ வெட்டிய இணைப்பு. பெரிய பீமின் ஸ்பிளைஸும் அப்படித்தான், பீமின் மேலும் கீழும் உள்ள அகலப் பட்டைகளான மேல் ஃபிளேஞ்சிலும் கீழ் ஃபிளேஞ்சிலும் ஆளுக்கு 2 மி.மீ. நழுவினால் அந்த இடத்தில் பீம் லேசாக மடங்கிவிடும், நடுவில் தொய்வு கண்ணுக்கே தெரியும். இன்னொரு நன்மையும் உண்டு. நன்றாக இறுக்கிய போல்ட்டில் வெளிச்சுமை ஏறி இறங்கினாலும் போல்ட்டுக்குள் இருக்கும் இழுவிசை கொஞ்சம்தான் மாறும், பெரும்பகுதியை நெருக்கப்பட்ட பிளேட்டே வாங்கிக்கொள்ளும். அதனால் திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் சுமையால் வரும் அலுப்பு முறிவு எளிதில் வராது. தளர்ந்த போல்ட்டுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை, ஒவ்வொரு அதிர்வையும் முழுசாக வாங்கி ஒரு நாள் மரையின் அடியில் விண்டுவிடும்.

ஒரே 8.8 போல்ட் ஒரு இடத்தில் முளையாகவும் இன்னொரு இடத்தில் பிடியாகவும் வேலை செய்யலாம் என்பதுதான் குழப்பத்தின் வேர். ஆனால் பிடி வேலைக்கு எல்லா 8.8 போல்ட்டும் உதவாது. இறுக்குவதற்கென்றே செய்த போல்ட், நட், வாஷர் மூன்றும் ஒரே செட்டாக, ஒரே தயாரிப்பாளரிடமிருந்து வர வேண்டும். இதில் ஐரோப்பாவில் இரண்டு வம்சம் இருக்கிறது. ஹெச்ஆர் வகையில் நட் தடிமனாக இருக்கும், அதிகமாக இறுக்கினால் போல்ட் தண்டு நீண்டு எச்சரிக்கும். ஹெச்வி வகையில் நட் கொஞ்சம் மெல்லியது, மரை நீளமும் குறைவு, அதிகமாக இறுக்கினால் நட்டுக்குள் மரை மெல்ல நசுங்கிக் கொடுக்கும். இரண்டுமே நல்லதுதான், ஆனால் ஒன்றின் நட்டை இன்னொன்றின் போல்ட்டில் போட்டால் இரண்டு குணமும் இல்லாமல் போகும். ஹெச்ஆர் போல்ட்டில் நட்டுக்குக் கீழே, பிளேட்டுக்குள் மறைந்திருக்கும் இடத்தில், குறைந்தது நான்கு முழு மரையாவது விட வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த நான்கு மரைதான் நீள்வதற்கான இடம், அது இல்லாவிட்டால் நீட்சி எல்லாம் ஒரே மரையில் குவிந்து அங்கேயே அறும். கையில் கிடைத்தது என்று தேவைக்கு மேல் நீளமான போல்ட்டைப் போட்டு, வழுவழுப்பான பகுதியை நட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறவர்களிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன்.

இறுக்குவதில்தான் எல்லாமே இருக்கிறது. எம்24, 10.9 போல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இழுவிசை 247 கிலோநியூட்டன். 25 டன்னுக்கு மேல். விரல் பருமனை விடக் கொஞ்சம் பெரிய ஒரு கம்பியில் அத்தனை எடை தொங்குவதாக நினைத்துப் பாருங்கள். அந்த இழுவிசையை நேரடியாக யாரும் அளப்பதில்லை, டார்க் ரென்ச்சில் முறுக்குவிசையை அளந்து இழுவிசை வந்திருக்கும் என்று நம்புகிறோம். ஆனால் நாம் கொடுக்கும் முறுக்கில் பாதி நட்டுக்கு அடியில் உராய்விலேயே போய்விடும், பத்தில் நான்கு பங்கு மரைக்குள் உராய்வில் போகும், மிச்சம் இருக்கும் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுக்கிறது. உராய்வு கொஞ்சம் கூடினாலும் அந்தப் பத்தில் ஒரு பங்குதான் அடி வாங்கும். கணக்காகவே சொல்கிறேன். எண்ணெய்ப் பூச்சு கெடாத புது செட்டுக்கு முறுக்குக் குணகம் (முறுக்கை இழுவிசையோடு இணைக்கும் எண், உராய்வு கூடினால் இதுவும் கூடும்) 0.13 என்று வைத்தால் 770 நியூட்டன் மீட்டர் முறுக்கில் அந்த 247 வந்துவிடும். அதே செட் மழையில் நனைந்து, காய்ந்து, மரையில் மண் ஒட்டி, குணகம் 0.20 ஆகிவிட்டது என்றால் அதே 770இல் 160தான் வரும். ரென்ச் அதே "டிக்" சத்தத்தைக் கொடுக்கும், ஃபார்மில் அதே எண்ணை எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். போல்ட் டப்பாவைத் திறந்து வெயிலிலும் மழையிலும் போட்டு வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

எனக்குப் பிடித்த முறை நட்டைத் திருப்பும் அளவை வைத்து இறுக்குவது. முதலில் எல்லா போல்ட்டையும் ஸ்னக் டைட் செய்து, பிளேட்டுகள் ஒட்டிவிட்டனவா என்று பார்த்து, நட், போல்ட் முனை, பிளேட் மூன்றின் மீதும் சேர்த்து மார்க்கரில் ஒரு கோடு போடுவார்கள். அப்புறம் நட்டை, போல்ட் நீளம் விட்டத்தைப் போல நான்கு மடங்குக்குள் இருந்தால் மூன்றில் ஒரு சுற்று, நான்கிலிருந்து எட்டு மடங்குக்குள் இருந்தால் அரைச் சுற்று. அமெரிக்க விதியில் உள்ள அளவு இது. இதில் உராய்வு எவ்வளவு என்ற கேள்வியே இல்லை, மரையின் இடைவெளியும் திருப்பிய கோணமும் தெரிந்தால் போல்ட் எவ்வளவு நீண்டது என்பது தெரிந்துவிடும். கோடு நகர்ந்திருப்பதை மறுநாள் போய்ப் பார்த்தாலும் தெரியும். ஆனால் ஸ்னக் சரியாக இல்லாவிட்டால் அந்தத் திருப்பு பூராவும் பிளேட் இடைவெளியை மூடுவதிலேயே செலவாகிவிடும், அதை மறக்கக் கூடாது. நடுவில், விறைப்பான இடத்தில் தொடங்கி ஓரங்களை நோக்கிப் போக வேண்டும், போய் முடித்ததும் திரும்ப முதல் போல்ட்டுக்கு வந்தால் அது தளர்ந்திருக்கும், ஆகவே இரண்டாம் சுற்று கட்டாயம்.

டென்ஷன் கண்ட்ரோல் போல்ட், சுருக்கமாக டிசி போல்ட், இன்னொரு அழகான ஏற்பாடு. தலை குவிந்து வழுவழுவென்று இருக்கும், ஸ்பேனர் வைக்கவே இடம் கிடையாது. மறுமுனையில் மரைக்குப் பிறகு ஒரு ஒடுக்கமான கழுத்து, அதற்கு அப்பால் பல்பல்லாக வெட்டிய ஒரு சிறு வால். அதற்கான மெஷினில் வெளி சாக்கெட் நட்டைப் பிடிக்கும், உள் சாக்கெட் அந்த வாலைப் பிடிக்கும், ஒன்று ஒரு பக்கமும் மற்றது எதிர்ப்பக்கமும் முறுக்கும். மறுபக்கம் ஆளே வேண்டாம். நட் இறுகிக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் நகர மறுக்கும், மெஷினின் குரல் மாறும், அப்போது கழுத்து "டப்" என்று அறுந்து வால் மெஷினுக்குள் தங்கிவிடும், ஆபரேட்டர் விசையைத் தட்டினால் கீழே விழும். வால் இருந்தால் இறுக்கவில்லை, வால் இல்லை என்றால் இறுக்கியாயிற்று, தரையிலிருந்தே அண்ணாந்து பார்த்து எண்ணிவிடலாம். ஆனால் இதுவும் உராய்வை நம்பித்தான் இருக்கிறது. பூச்சு உலர்ந்த போல்ட்டில் வால் சீக்கிரமே அறும், உள்ளே இழுவிசை இருக்காது. வால் அறுந்ததே போதும் என்று நினைப்பவர்கள், அன்றைக்குத் திறந்த டப்பாவிலிருந்து இரண்டு மூன்று போல்ட்டை எடுத்து இழுவிசை காட்டும் கருவியில் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு முறை பார்த்துவிட்டால் பிறகு டப்பாவைத் திறந்து போடவே மாட்டார்கள்.

புடைப்பு வாஷர் என்று ஒன்றும் இருக்கிறது, இழுவிசை ஏறஏற வாஷரின் மீதுள்ள மேடுகள் தட்டையாகும், இடைவெளியில் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு நுழைய மறுத்தால் வேலை முடிந்தது. நம்பகமானது, ஆனால் எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்பதில் கவனம் வேண்டும்.

வாஷர் என்றதும் ஸ்பிரிங் வாஷரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதிர்வு இருக்கும் இடம் என்றால் உடனே ஸ்பிரிங் வாஷர் போடு என்பார்கள். 1969இல் ஜெர்மன் பொறியாளர் ஜுங்கர், போல்ட்டைத் தளர்த்துவது நீளவாக்கில் வரும் அதிர்வை விடக் குறுக்காக வரும் நழுவல்தான் என்று சோதனையில் காட்டினார். அந்த முறையில் இன்றும் சோதிக்கிறார்கள், ஸ்பிரிங் வாஷர் அதில் தளர்வைத் தடுப்பதில்லை. அந்த வாஷரைத் தட்டையாக்கச் சில கிலோநியூட்டன் போதும், 247 கிலோநியூட்டன் இருக்கும் இடத்தில் அது வெறும் தகடு. தளராமல் இருக்க வேண்டுமா, பிளேட் நழுவாத அளவுக்கு இறுக்குங்கள். இறுக்கும் இணைப்பில் போட வேண்டியது கடினப்படுத்திய தட்டை வாஷர், அதையும் குறைந்தது எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்தப் பக்கமாவது. சரிவான ஃபிளேஞ்சில் டேப்பர் வாஷர் இல்லாமல் இறுக்கினால் போல்ட் வளைந்து ஒரே பக்கம் சுமை ஏறும், அதைப் பார்த்தும் பார்க்காததுபோலப் போகிறவர்கள் நிறைய.

துரு வராமல் இருக்க கால்வனைஸ் செய்யலாமே என்று கேட்பார்கள். 8.8க்குச் செய்யலாம், நட்டின் மரையைப் பூச்சின் தடிமனுக்கு ஏற்பக் கொஞ்சம் பெரிதாக வெட்டியிருக்க வேண்டும். ஆனால் 10.9க்கு நிகரான அமெரிக்க ஏ490 போல்ட்டை ஹாட் டிப் கால்வனைஸ் (உருகிய துத்தநாகத்தில் முக்கிப் பூசுவது) செய்யவே கூடாது என்று அமெரிக்க விதி தடுக்கிறது. ஐரோப்பாவில் 10.9க்கு அனுமதி உண்டு, ரொம்பக் கட்டுப்பாட்டோடு. காரணம் ஹைட்ரஜன். பூச்சுக்கு முன் அமிலத்தில் கழுவும்போதும், பிறகு ஈரத்தில் துத்தநாகம் அரிபடும்போதும் வரும் ஹைட்ரஜன் அணுக்கள் எஃகுக்குள் புகுந்துவிடும். கடினமான எஃகு இழுவிசையில் நிற்கும்போது அந்த ஹைட்ரஜன் சேர்ந்து, சில நாள் கழித்து, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கண்ணாடியைப் போல உடைக்கும். 2013 மார்ச்சில் சான் ஃபிரான்சிஸ்கோ-ஓக்லண்ட் பே பாலத்தின் புதிய கிழக்குப் பகுதியில் இது நடந்தது. 3 அங்குல விட்டமுள்ள, கால்வனைஸ் செய்த 96 ஆங்கர் கம்பிகளை இறுக்கிச் சில நாட்களுக்குள் 32 உடைந்தன. அவற்றை 2008இலேயே துளைகளில் இறக்கிவிட்டார்கள், இறுக்கும்வரை துளைகளில் தண்ணீர் தேங்கியிருந்தது. இறுக்கும்போது ஒன்றும் ஆகவில்லை, இறுக்கிவிட்டுப் போன பிறகுதான் உடைந்தன. பலமான போல்ட் என்றால் எதையும் தாங்கும் என்று நினைக்கும் எல்லோருக்கும் இந்தச் சம்பவத்தைச் சொல்லுவேன்.

மற்ற வகைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபிட்டட் போல்ட் என்பது துளைக்கு ஏற்பக் கடைந்த தண்டு, இடைவெளியே இல்லாத முளை. துளையை ரீமர் போட்டு ஒழுங்குபடுத்த வேண்டும், செலவும் நேரமும் அதிகம், வேறு வழியில்லாத இடத்தில் மட்டும் போடுவார்கள். குழாய் வடிவத் தூணில் உள்ளே கையை விட்டு நட் பிடிக்க முடியாது, அதற்கு ஒரு பக்கத்திலிருந்தே உள்ளே விரியும் பிளைண்ட் போல்ட் இருக்கிறது. தரையில் நிற்கும் தூணுக்கு ஆங்கர் போல்ட், இதில் பிரச்சினை பலத்தில் வருவதே இல்லை, கான்கிரீட் போடும்போது டெம்ப்ளேட் நகர்ந்து போல்ட் இடம் மாறுவதில்தான் வரும். மாறிய போல்ட்டைக் கேஸ் வைத்துக் காய்ச்சி வளைப்பதைப் பார்த்திருக்கிறேன். சுத்த தவறு. வெப்பத்தில் அந்த எஃகின் குணமே மாறிவிடும்.

நேராக இழுக்கப்படும் போல்ட்டைப் பற்றி ஒரு விஷயம் மட்டும். முனையில் வெல்டு செய்த தகட்டை, அதாவது எண்ட் பிளேட்டை, வைத்துத் தூணோடு சேர்த்த பீமில் மேல் வரிசை போல்ட்டுகள் இழுபடும். அங்கே பிளேட் மெல்லியதாக இருந்தால் அது வளைந்து, அதன் ஓரம் தூணில் ஊன்றி, கடப்பாரை மாதிரி போல்ட்டை நெம்பும். பீம் கொடுக்கும் இழுப்போடு அந்த நெம்புவிசையும் போல்ட்டின் தலையில் ஏறும். ஒரு எம்20, 8.8 போல்ட் 141 கிலோநியூட்டன் வரை இழுவிசை தாங்கும் என்று கணக்குப் போட்டுவிட்டு நெம்புவிசையை மறந்தால் கால்பங்கு, மூன்றில் ஒரு பங்குகூடக் கணக்கில் விட்டுப்போகும். பிளேட்டின் தடிமனை இன்னும் நாலு மி.மீ. கூட்டினால் தீர்கிற பிரச்சினை.

இப்போது அந்த ஸ்பிளைஸுக்கு வருகிறேன். போனை வைக்காமலேயே அவரோடு கணக்கைப் போட்டுப் பார்த்தேன். முகத்தை பிளாஸ்ட் செய்து (கரடுமுரடான துகள்களை வேகமாக அடித்துச் சுத்தம் செய்து), பூச்சில்லாமல் விட்டால் உராய்வு எண் 0.5. ஒரு போல்ட்டின் 247இல் பாதி, அதையும் பாதுகாப்பு எண் 1.25ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 99 கிலோநியூட்டன். ஃபிளேஞ்சில் ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு போல்ட், ஆக 1185. டிசைனர் எதிர்பார்த்தது அது. இப்போது நடுவில் சாதாரண ப்ரைமர் இருக்கிறது. சாதாரண ப்ரைமருக்கு விதியின் பட்டியலில் இடமே இல்லை, சோதித்துத்தான் எண் வாங்க வேண்டும். பட்டியலின் கடைசியில், எதுவும் செய்யாத உருட்டு முகத்துக்குக் கொடுத்திருக்கும் 0.2ஐ எடுத்தாலே பன்னிரண்டு போல்ட்டும் சேர்ந்து 474தான். போதாததற்கு, நெருக்கத்தில் இருக்கும் பெயின்ட் படலம் நாளாக நாளாக நசுங்கி மெலியும், மெலிந்த அளவுக்கு போல்ட்டின் இழுவிசையும் குறையும். நழுவிய பிறகு முளையாக நிற்குமே என்று அவர் கேட்டார். நல்ல கேள்வி. சில இணைப்புகளில் அன்றாடச் சுமையில் நழுவாமல் இருந்து, உச்சச் சுமையில் நழுவி முளையாக நிற்க அனுமதிப்பார்கள். ஆனால் இந்த டிராயிங்கில் உச்சச் சுமையிலும் நழுவக் கூடாது என்று எழுதியிருந்தது, அன்றாடச் சுமைக்கே 474 பத்தாது.

மேலே தளத்துக்கான தகடு, டெக் ஷீட், இன்னும் ஏறவில்லை என்பது ஒரு நல்ல காலம். டிசைனரிடம் எழுத்தில் கேட்டு, பீமுக்குக் கீழே முட்டுக் கொடுத்து, ஒவ்வொரு கவர் பிளேட்டாகக் கழற்றச் சொன்னேன். பிளேட்டை மட்டும் பிளாஸ்ட் செய்தால் போதாது, எதிரே நிற்கும் ஃபிளேஞ்ச் முகத்திலும் பெயின்ட் இருந்தது, அதையும் அங்கேயே செய்தார்கள். அவருக்கு ரொம்ப வருத்தம் கொடுத்த விஷயம் கழற்றிய போல்ட்டுகள். ஒரு முறை முழு இழுவிசைக்கு இறுக்கிக் கழற்றிய செட்டைத் திரும்பப் போடக் கூடாது, போல்ட், நட், வாஷர் எல்லாமே கழிவுதான். புதுசு போல மின்னும் 10.9 போல்ட்டுகளை அப்படி ஒதுக்க யாருக்கும் மனசு வராது, ஸ்டோரில் வைத்தால் எப்படியும் ஒரு நாள் யாராவது எடுத்து எங்காவது போட்டுவிடுவார்கள் என்பதால், தலையில் கிரைண்டரை ஓட்டிக் குறியை அழித்துவிட்டு ஸ்கிராப்பில் போடச் சொன்னேன்.

நான்கு நாள் கழித்துப் படம் அனுப்பினார். பளபளப்பே இல்லாத சாம்பல் நிற முகம், உப்புத்தாள் மாதிரி. அடுத்த படத்தில் பிளேட் மூடியிருக்கிறது, பன்னிரண்டு நட்டிலும் மஞ்சள் மார்க்கர் கோடு. போல்ட் நீளம் 90 மி.மீ., 24இன் நான்கு மடங்குக்குள் வருகிறது, ஆகவே மூன்றில் ஒரு சுற்று. பெரிதாக்கிப் பார்த்தேன். பதினொரு கோடு சரியாக நகர்ந்திருந்தது, இடது ஓரத்தில் ஒன்று மட்டும் பாதியில் நின்றிருந்தது. அதை வட்டமிட்டு அவருக்கே திருப்பி அனுப்பினேன்.